சுண்டெலி ஏ1 நியூரானில் 8, 16 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு உச்சங்கள்: நியூரானின் குணமா, ஸ்பீக்கரின் குறையா?

நுண்முனை (கேள்வி)

சுண்டெலியின் முதன்மைச் செவிப்புறணியில், அதாவது ஏ1 பகுதியில், எந்த அதிர்வெண்ணுக்கு எந்த நியூரான் பதில் தருகிறது என்று பதிவு செய்கிறோம். அமைப்பு இது: பத்து வார வயதுள்ள சி57பிஎல்/6 சுண்டெலி, கெட்டமைன்-சைலசீன் மயக்கம். நான்கு தண்டுகள் கொண்ட சிலிக்கான் புரோப் (மூளைக்குள் இறக்கும், பல மின்முனைகள் உள்ள பதிவுக்கருவி), தண்டுகளுக்கு நடுவே 200 மைக்ரோமீட்டர். ஸ்பீக்கர் எதிர்ப்பக்கக் காதிலிருந்து 10 செ.மீ. தொலைவில். ஒலி 50 மில்லிவிநாடி நீளமுள்ள தூய ஒற்றைச் சுரம். ஆரம்பத்திலும் முடிவிலும் 5 மில்லிவிநாடி கொசைன் ஏற்ற இறக்கம் கொடுத்திருக்கிறோம். 4 முதல் 64 கிலோஹெர்ட்ஸ் வரை ஆக்டேவில் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளியில்) எட்டில் ஒரு பங்கு இடைவெளியில் 33 அதிர்வெண்கள். 0 முதல் 70 டெசிபெல் வரை பத்துப் பத்தாக 8 ஒலியளவுகள். ஒவ்வொன்றும் 10 முறை, கலைத்துப் போட்ட வரிசையில். ஒரு சுரம் தொடங்கி 300 மில்லிவிநாடியில் அடுத்தது தொடங்கும்.

மூன்று சிக்கல்கள்.

முதலாவது, பல யூனிட்களின் (ஒரே நியூரானுடைய ஸ்பைக், அதாவது மின்துடிப்பு, என்று பிரித்தெடுத்த தொகுப்புகளின்) அதிர்வெண்-ஒலியளவுப் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே வழக்கமான வி வடிவம் வருகிறது. கூடவே 8 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு திட்டும் தெரிகிறது. இந்த இரண்டாவது திட்டு 60, 70 டெசிபெலில் மட்டும்தான்.

இரண்டாவது, பக்கத்துத் தண்டுகளுக்கிடையே சிறப்பியல்பு அதிர்வெண் (மிக மெல்லிய ஒலிக்கே நியூரான் பதில் தரும் அதிர்வெண்) ஏறக்குறைய ஓர் ஆக்டேவ் தள்ளிப் போகிறது. ஒரே தண்டில் மேலிருந்து கீழே போனாலும் அரை ஆக்டேவ் நகர்கிறது. ஏ1-இல் அதிர்வெண்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் என்பது இந்த அளவுக்குத்தான் உண்மையா?

மூன்றாவது, மிகக் குறைந்த ஒலியில் பதில் கிடைக்கும் அதிர்வெண்ணும், அதிக ஸ்பைக் கிடைக்கும் அதிர்வெண்ணும் ஒரே நியூரானில் வேறுவேறாக இருக்கின்றன. அறிக்கையில் எதைப் போடுவது?

ஒலிமானி

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நியூரானைச் சந்தேகிப்பதற்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள். சரியாக ஓர் ஆக்டேவ் கீழே, உரத்த ஒலியில் மட்டும் ஒரு திட்டு வந்தால் முதல் சந்தேகம் இரண்டாம் ஹார்மோனிக் (கேட்ட சுரத்தோடு ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கும், இரு மடங்கு அதிர்வெண் கொண்ட மெல்லிய சுரம்) மீதுதான் விழ வேண்டும்.

கணக்கு எளிது. ஸ்பீக்கரிடம் 8 கிலோஹெர்ட்ஸை 70 டெசிபெலில் கேட்கிறீர்கள். அதன் இரண்டாம் ஹார்மோனிக், அடிப்படைச் சுரத்தைவிட 45 டெசிபெல் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெறும் 0.56 சதவீதத் திரிபு. நல்ல ஸ்பீக்கர் என்றே எவரும் சொல்வார்கள். ஆனால் சுண்டெலியின் காதில் 16 கிலோஹெர்ட்ஸ் 25 டெசிபெலில் போய் விழுகிறது. சுண்டெலியின் செவி மிகக் கூர்மையாக இருப்பதே 16 கிலோஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில். அந்த நியூரானின் வாசல் அளவு, அதாவது பதில் தரத் தேவையான மிகக் குறைந்த ஒலி, 20 டெசிபெல் என்றால் பதில் வந்தே தீரும். 60 டெசிபெலில் ஹார்மோனிக் 15 ஆக இறங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் திரிபு எல்லா ஒலியளவிலும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை, நியூரான்களின் வாசலும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் சிலவற்றில் 60-லும் தெரியும்.

சோதிக்கும் வழி: காது இருக்கும் இடத்தில் கால் அங்குல மைக்ரோஃபோனை வையுங்கள். அரை அங்குல மைக்ரோஃபோன்கள் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் கைவிட்டுவிடும், இந்த வேலைக்குப் போதாது. 8 கிலோஹெர்ட்ஸ் சுரத்தை 40, 50, 60, 70 டெசிபெலில் ஒலிக்கவிட்டு ஒவ்வொன்றின் நிறமாலையையும் எடுங்கள். மொத்த அழுத்தத்தை மட்டும் அளந்து திருத்தும் அமைப்புகளில் ஹார்மோனிக் கண்ணில் படவே படாது, ஏனென்றால் மொத்தத்தில் அதன் பங்கு அற்பம். 16, 24, 32 கிலோஹெர்ட்ஸில் எத்தனை டெசிபெல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நியூரானிடமே கேளுங்கள். 8 கிலோஹெர்ட்ஸ் 70 டெசிபெலில் அளந்த ஹார்மோனிக் 25 டெசிபெல் என்றால், 16 கிலோஹெர்ட்ஸைத் தனியாக 25 டெசிபெலில் கொடுத்துப் பாருங்கள். ஸ்பைக் எண்ணிக்கையும் முதல் ஸ்பைக் வரும் நேரமும் ஒத்துப்போனால் அந்தத் திட்டு ஸ்பீக்கருடையது. தாமதத்தை விட்டுவிடாதீர்கள்: மெல்லிய ஒலிக்குப் பதில் பல மில்லிவிநாடி பிந்தி வரும். 70 டெசிபெல் சுரத்துக்கு வரும் பதில், வாசலருகே உள்ள ஒலிக்குரிய தாமதத்தோடு வந்தால் அதுவே பெரிய தடயம்.

மேலும் ஒரு தடயம்: வெவ்வேறு நியூரான்களில் 14, 16, 20 என்று முதல் உச்சம் மாறும்போது, இரண்டாவது 7, 8, 10 என்று கூடவே நகர்கிறதா? எல்லா யூனிட்டிலும் அப்படி நகர்ந்தால் கருவிதான் காரணம். சில யூனிட்களில் மட்டும், அதுவும் மெல்லிய ஒலியிலும் தெரிந்தால் வேறு கதை. விழித்திருக்கும் மார்மொசெட் குரங்கின் ஏ1-இல் ஹார்மோனிக் உறவுள்ள பல உச்சங்களோடு நியூரான்கள் உண்டு என்று 2003-லேயே காட்டியிருக்கிறார்கள். எனவே இரண்டு உச்சம் என்றாலே பொய் என்று தள்ளிவிடவும் முடியாது.

திருத்த வழிகள்: 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உச்ச அளவை 60 டெசிபெலில் நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தைக் குறைத்தும் பாருங்கள். ஸ்பீக்கரைவிட அதுவே திரிபுக்குக் காரணமாக இருப்பது உண்டு. கீழ் அதிர்வெண்களுக்குத் தனி ஸ்பீக்கர் வைப்பது இன்னும் நல்லது.

டிஜிட்டல் பக்கமும் ஒரு கண் வையுங்கள். 64 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மாதிரி வேகம் குறைந்தது 192 கிலோஹெர்ட்ஸ் இருக்கட்டும். 96-இல் ஓடும் அட்டையில் 50 கிலோஹெர்ட்ஸ் சுரம் 46 ஆக மடங்கி வெளியே வரும். நீங்கள் கேட்டதும் எலி கேட்டதும் வேறாகிவிடும்.

அடுக்குநான்கு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் எண்கள் வடிவக்கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதனால் பதற வேண்டாம்.

சுண்டெலி ஏ1-இல் அதிர்வெண் வரிசை பின்பக்கம் தாழ்விலிருந்து முன்பக்கம் உயர்வை நோக்கி ஏறுகிறது. அந்த அச்சின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். உங்கள் நான்கு ஆக்டேவும் அதற்குள் அடங்கினால், ஓர் ஆக்டேவுக்குச் சுமார் 250 மைக்ரோமீட்டர். தண்டுகள் 200 மைக்ரோமீட்டர் தள்ளி, அதே அச்சில் நிற்கின்றன என்றால் அடுத்தடுத்த தண்டுகளுக்கிடையே 0.8 ஆக்டேவ் வித்தியாசம் வர வேண்டும். வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஒரே தண்டில் வரும் அரை ஆக்டேவ் நகர்வு புரோப் சாய்ந்திருப்பதைக் காட்டலாம். செவிப்புறணி மண்டையின் பக்கவாட்டில் இருக்கிறது. நேர்கீழாக இறக்கினால் புறணிப் பரப்புக்குச் செங்குத்தாகப் போகாது. செங்குத்திலிருந்து 10 பாகை சாய்ந்தால் 700 மைக்ரோமீட்டர் ஆழத்தில் பக்கவாட்டு நகர்வு 120 மைக்ரோமீட்டர். அந்தச் சாய்வு அதிர்வெண் அச்சின் திசையில் அமைந்தால் அது அரை ஆக்டேவ். ஆழத்தோடு சிறப்பியல்பு அதிர்வெண் ஒரே திசையில் சீராக ஏறுகிறதா, அங்குமிங்கும் தாவுகிறதா என்று பாருங்கள். சீரான ஏற்றம் என்றால் சாய்வு. தாவல் என்றால் உண்மையான கலப்பு.

அப்படிக் கலப்பு உண்டா என்றால், உண்டு. 2010-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, சுண்டெலி ஏ1-இன் மேலடுக்குகளை (புறணி மேலிருந்து கீழாக ஆறு அடுக்குகள் கொண்டது) இரு-ஃபோட்டான் கால்சியம் படப்பிடிப்பில், அதாவது செல்கள் துடிக்கும்போது ஒளிர்வதை நுண்ணோக்கியில் காணும் முறையில், பார்த்தன. தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை இருக்கிறது. அருகருகே உள்ள செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அதிர்வெண் சிதறிக் கிடக்கிறது என்று இரண்டுமே கண்டன. பின்னால் நான்காம் அடுக்கைப் பார்த்தபோது அங்கே ஒழுங்கு கூடுதலாக இருந்தது. தாலமஸிலிருந்து (புறணிக்குச் செவித்தகவலை அனுப்பும் மூளைப்பகுதி) வரும் நரம்பிழைகள் கொண்டுவரும் வரிசை நான்காம் அடுக்கில் ஓரளவு தெளிவாகப் பதிகிறது. இரண்டு, மூன்றாம் அடுக்கு செல்கள் பக்கத்திலிருந்தும் இணைப்புகளை வாங்குவதால் அது குழம்புகிறது. பழைய மின்முனைப் பதிவுகளில் வரைபடம் மென்மையாகத் தெரிந்ததற்குக் காரணம், பெரும்பாலும் நடு அடுக்குகளில், ஒரே முனையில் பல செல்களைச் சேர்த்துப் பதிவு செய்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை, அளவுகோல் வேறு.

ஆகவே வரைபடம் போடும்போது எல்லா ஆழத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒலிக்குப் பிறகு மிக முதலில் மின்னோட்டம் உள்ளிழுக்கப்படும் ஆழத்தை மின்னோட்ட-மூல அடர்த்திக் கணக்கில் கண்டுபிடியுங்கள். அது நான்காம் அடுக்கையும் மூன்றின் அடிப்பகுதியையும் காட்டும். சுண்டெலியில் அது ஏறக்குறைய 350 முதல் 500 மைக்ரோமீட்டர் ஆழம். அங்கிருந்து வரும் யூனிட்களை வைத்து வரிசையைக் காட்டுங்கள், மேலடுக்குச் சிதறலைத் தனியாகக் காட்டுங்கள்.

எல்லையையும் உறுதிசெய்ய வேண்டும். ஏ1-க்கு முன்னால் முன்செவிப்புலம் இருக்கிறது, அதன் வரிசை கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியது. இரண்டும் உயர் அதிர்வெண் முனையில் சந்திக்கின்றன. முன்னோக்கிப் போகும்போது அதிர்வெண் ஏறி, ஓரிடத்தில் திரும்ப இறங்கத் தொடங்கினால் ஏ1-ஐக் கடந்துவிட்டீர்கள். நான்கு தண்டில் கடைசி ஒன்று மட்டும் இறங்குமுகமாக இருந்தால் அதை ஏ1 கணக்கில் சேர்க்கக் கூடாது.

எலி இனத்தையும் கவனியுங்கள். சி57பிஎல்/6-இல் கேட்ஹெரின்-23 மரபணு மாற்றம் காரணமாக வயது ஏற ஏறச் செவித்திறன் மேல் அதிர்வெண்களிலிருந்து குறைந்துகொண்டே வரும். பத்து வாரத்தில் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் ஒப்பீட்டுக்காக ஐந்து, ஆறு மாத எலிகளைச் சேர்த்தால், புறணியின் உயர் அதிர்வெண் பகுதியே நடுத்தர அதிர்வெண்களுக்குப் பதில் தருவதைப் பார்ப்பீர்கள். அது செவி கெட்டதன் விளைவு. நீண்டகால ஆய்வு என்றால் சிபிஏ இனத்துக்கு மாறுங்கள்.

நுண்முனை

இருவருக்கும் மிக்க நன்றி. நிறமாலை எடுத்துவிட்டோம். 8 கிலோஹெர்ட்ஸ் 70 டெசிபெலில் 16-இல் நிற்பது 27 டெசிபெல். 16-ஐத் தனியாக 27-இல் கொடுத்தால் பெரும்பாலான யூனிட்களில் பதில் அப்படியே ஒத்துப்போகிறது, தாமதம் உட்பட. அவை ஸ்பீக்கரின் கணக்கில் போகின்றன.

ஆனால் சில யூனிட்களில் 18 கிலோஹெர்ட்ஸ் உச்சத்தோடு 7 கிலோஹெர்ட்ஸிலும் திட்டு இருக்கிறது, 40 டெசிபெலிலேயே. ஹார்மோனிக் உறவும் இல்லை. இவை நிஜமான இரட்டை உச்சமா? மூன்றாவது கேள்வியும் நிலுவையில் இருக்கிறது.

துடிப்புக்கணக்கு

18-ம் 7-ம் சேர்ந்து வரும் யூனிட்களில் முதலில் பார்க்க வேண்டியது, அது ஒரே நியூரான்தானா என்பது. அடுக்குநான்கு சொன்ன மேலடுக்குச் சிதறலின் நேரடி விளைவு இது: பக்கத்தில் உள்ள இரண்டு செல்கள் வேறு அதிர்வெண்களைத் தேர்ந்தவையாக இருக்கலாம். ஸ்பைக் பிரிப்பு அவற்றை ஒன்றாக்கிவிட்டால் இரட்டை உச்சம் பிறக்கும். ஸ்பைக் இடைவெளி வரைபடத்தில் 2 மில்லிவிநாடிக்குள் எத்தனை விழுகின்றன என்று பாருங்கள், ஒரே நியூரான் பொதுவாக அவ்வளவு விரைவில் மறுபடி துடிக்காது. பிறகு 7-க்கு வந்த ஸ்பைக்குகளின் சராசரி அலைவடிவத்தையும் 18-க்கு வந்தவற்றையும் தனித்தனியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பக்கத்து முனைகளில் தெரியும் வீச்சு விகிதம் மாறினால் இரண்டு செல்கள். வடிவமும் விகிதமும் ஒன்றாகவே இருந்து, இடைவெளி விதி மீறலும் இல்லையென்றால்தான் இரட்டை உச்சம் என்று எழுதலாம்.

அடுத்தது புள்ளியியல். இந்த இடத்தில்தான் அதிகமான போலித் திட்டுகள் உருவாகின்றன. உங்கள் படத்தில் 33 × 8 = 264 கட்டங்கள். தன்னிச்சை ஸ்பைக் விநாடிக்கு 4 என்றும், எண்ணும் நேரம் 50 மில்லிவிநாடி என்றும் வைத்தால், பத்து முறைக்கும் சேர்த்து ஒரு கட்டத்தில் எதிர்பார்ப்பது 2 ஸ்பைக். சராசரியோடு இரண்டு திட்டவிலக்கம் என்ற வழக்கமான விதிப்படி 5 ஸ்பைக் வந்தாலே பதில் என்று எண்ணிவிடுவீர்கள். பாய்சான் பரவலில் (தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கான பரவல்) அது தற்செயலாகவே 5 சதவீதத்துக்குச் சற்று மேல் நடக்கும். அதாவது ஒலியே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 14 கட்டங்கள் ஒளிரும். வரம்பை 9 ஸ்பைக்காக உயர்த்தினால் மொத்தப் படத்திலும் எதிர்பார்க்கும் போலிக் கட்டம் 0.06 மட்டுமே. அவ்வளவு கடுமை வேண்டாமென்றால் 5-ஐ வைத்துக்கொண்டு தொடர்ச்சியைக் கேளுங்கள்: பக்கத்து அதிர்வெண்ணிலும், பத்து டெசிபெல் மேலேயும் பதில் இருக்கும் கட்டத்தை மட்டும் ஏற்பது. படத்தை மூன்றுக்கு மூன்று சராசரியால் மென்மையாக்கிவிட்டுச் சோதனை செய்வது ஆபத்து. ஒரு போலிக் கட்டம் ஒன்பது கட்டத் திட்டாக விரியும். முதலில் சோதனை, படம் வரையும்போது மட்டும் மென்மையாக்கல்.

300 மில்லிவிநாடி இடைவெளி எனக்கு உறுத்துகிறது. உரத்த 16-க்குப் பின்னால் மெல்லிய 16 வந்தால் அது அடங்கிப்போகும். ஏ1-இல் முந்தைய ஒலியால் வரும் அடக்கம் நூறு மில்லிவிநாடிகளைத் தாண்டி நீடிக்கும். அதே அதிர்வெண் திரும்பத் திரும்ப வந்தால் வரும் தழுவல் அதைவிட நீளமானது. 2003-இல் பூனைகளில் செய்த ஆய்வு, ஒலிகளுக்கிடையே ஒன்றிரண்டு விநாடி விட்டாலும் அது தெரிகிறது என்று காட்டியது. விளைவு, வாசல் அளவு உயர்ந்தும் வி வடிவம் ஒல்லியாகவும் தெரியும். 500 மில்லிவிநாடியாக்கினால் 2640 சுரங்களுக்கு 22 நிமிடம். இப்போது ஆவது 13 நிமிடம். கூடுதல் நேரம் வீண் போகாது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய வரிசை போடுங்கள், ஒரே வரிசையைப் பத்து முறை ஓட்டினால் யாருக்குப் பின்னால் யார் என்ற பாதிப்பு நிலையாகப் பதிந்துவிடும். புரோப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று முதலில் அறிய, கால் ஆக்டேவ் இடைவெளியில் 17 அதிர்வெண், 3 ஒலியளவு, 5 முறை போதும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இனி மூன்றாவது கேள்வி. சிறப்பியல்பு அதிர்வெண் என்பது வி-யின் கூர்முனை: எந்த அதிர்வெண்ணில் மிக மெல்லிய ஒலிக்கும் நியூரான் அசைகிறது என்பது. காக்ளியாவின் (உட்காதின் நத்தைச்சுருள்) எந்த இடத்திலிருந்து அந்த நியூரானுக்கு முதன்மை உள்ளீடு வருகிறது என்பதை அதுவே நன்றாகச் சொல்லும். வரைபடத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். அதிக ஸ்பைக் தரும் அதிர்வெண் ஒலியளவோடு நகரும். உரத்த ஒலியில் காக்ளியாவுக்குள் இருக்கும் அடித்தளச் சவ்வின் அசைவு விரிந்து பரவுகிறது, காக்ளியாவின் அந்த இடம் தன் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள சுரங்களுக்கும் ஆடுகிறது. அதனால்தான் பல வி வடிவங்களின் தாழ்வுப் பக்கம் அகலமாகச் சரிந்திருக்கிறது. புறணி அதோடு தன் தடுப்பையும் சேர்க்கிறது: எலியின் ஏ1-இல் கிளர்ச்சி உள்ளீடு வந்த சில மில்லிவிநாடியில் அதே அதிர்வெண்ணுக்குத் தடுப்பு உள்ளீடும் வந்து வாயிலை மூடிவிடுகிறது. சில நியூரான்களில் உரத்த ஒலியில் தடுப்பு மேலோங்கும், 40 டெசிபெலில் நன்றாகத் துடித்தது 70-இல் அமைதியாகும். அவற்றில் 70 டெசிபெல் வரியை மட்டும் பார்த்து அதிர்வெண்ணைத் தீர்மானித்தால் விளிம்பில் உள்ள ஏதோ ஒன்றைப் பிடிப்பீர்கள்.

இரண்டையும் அறிக்கையில் போடுங்கள். கூடவே வாசலுக்கு மேல் 10 மற்றும் 40 டெசிபெலில் அகலம் எத்தனை ஆக்டேவ் என்பதையும் கொடுங்கள். அதிர்வெண் சராசரியை ஹெர்ட்ஸில் எடுக்க வேண்டாம். 8-க்கும் 32-க்கும் ஆக்டேவ் கணக்கில் நடு 16. ஹெர்ட்ஸில் எடுத்தால் 20 வந்து படம் முழுதும் மேலே தள்ளும்.

ஒலிமானி

ஒரு சின்னச் சேர்க்கை. 64 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 5.4 மில்லிமீட்டர். தலைப்பிடி, கண்ணாடித் தகடு, லென்ஸ் எதுவாக இருந்தாலும் எதிரொலித்துக் குறுக்கிடும். காது இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அளவு பல டெசிபெல் மாறும். எனவே வெறும் மேசையில் அளந்து வைத்த திருத்த அட்டவணையை நம்ப வேண்டாம். எல்லாக் கருவியும் அதனதன் இடத்தில் இருக்கும்போது அளந்து, மீதமுள்ள ஏற்ற இறக்கத்தை 3 டெசிபெலுக்குள் கொண்டுவாருங்கள். காதுக்குள் செருகும் பிடிகளைத் தவிருங்கள். செவிப்பறை சேதமானால் எல்லா வாசல்களும் ஒன்றாக உயரும், காரணம் தெரியாமல் தேடுவீர்கள்.

அடுக்குநான்கு

மயக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை. கெட்டமைன் மயக்கத்தில் பதில் பெரும்பாலும் ஒலி தொடங்கும் கணத்தோடு முடிந்துவிடும். விழித்திருக்கும் மார்மொசெட்களில், தனக்கு மிகப் பிடித்த ஒலி கிடைத்தால் நியூரான் ஒலி நீடிக்கும் வரை துடிக்கிறது என்று 2005-இல் காட்டினார்கள். விழித்திருக்கும் பெரிய எலியின் (சுண்டெலி அல்ல, ராட்) ஏ1-இல் எந்தக் கணத்திலும் பலமாகப் பதில் தருபவை 5 சதவீதத்துக்கும் குறைவு என்பது 2008-இல் வந்தது. ஆக, மயக்கத்தில் எடுத்த வரைபடம் எந்த இடம் எந்த அதிர்வெண்ணுக்கு என்று சொல்ல நன்றாகவே உதவும். விழித்திருக்கும் விலங்கில் எத்தனை நியூரான்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு அகலமாகப் பதில் தரும் என்பதை அதிலிருந்து எடுக்காதீர்கள். விழிப்புப் பதிவுக்கு மாறும்போது சுரத்தின் நீளத்தை 100 அல்லது 200 மில்லிவிநாடியாக்கி, தொடக்கப் பதில், நீடிக்கும் பதில், ஒலி நின்றபின் வரும் பதில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டப்படம் போடுங்கள். ஒலி நின்றபின் வரும் பதிலின் அதிர்வெண் தொடக்கப் பதிலோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. 50 மில்லிவிநாடி சுரத்தில் எண்ணும் நேரத்தை 10 முதல் 60 வரை வைத்தால் அது பெரும்பாலும் உள்ளே வராது. 100 வரை நீட்டினால் வந்துவிடும், உங்கள் 7 கிலோஹெர்ட்ஸ் திட்டு அப்படி வந்ததா என்பதையும் ஸ்பைக் நேரப் படத்தில் ஒருமுறை பாருங்கள்.